குழையும் ஓலையும்: சருகு உக்குவதை அளப்பது பற்றி

மண் என்ற சொல்லை நமது எழுத்துக்கள் தாராளமாகவே செலவழித்து வருகின்றன. மண் அழைக்கிறது, மண் மறக்காது, மண்ணுக்குள் நமது நினைவுகள் பத்திரமாக இருக்கின்றன என்று கவிதையிலும் கட்டுரையிலும் எழுதுகிறோம். இவ்விதழிலும் அண்மையில் நண்பர் ஒருவர் மண்ணை ஓர் ஆவணக் காப்பகத்துக்கு ஒப்பிட்டிருந்தார். அவர் சொல்லவந்த அரசியலுடன் எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால் உவமானம் பொருந்தவில்லை. சில காலம் தாவரவியல் படிப்பித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது: மண் காப்பகம் அல்ல. தன்மீது விழுவதை எல்லாம் தின்பது அதன் தொழில். தின்றதில் ஒரு சிறு பங்கை மட்டும், அடையாளம் தெரியாத வேறோர் உருவில், வைத்துக்கொள்கிறது. எவ்வளவு வேகத்தில் தின்கிறது, எவ்வளவை வைத்துக்கொள்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இன்று எண்களில் விடை சொல்ல முடிகிறது. அந்த எண்கள் எப்படிப் பெறப்படுகின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இது வெறும் உவமானத் திருத்தத்துக்காக அல்ல. உலக மண்ணின் மேல் ஒரு மீற்றர் ஆழத்துக்குள் ஏறத்தாழ 1500 பில்லியன் தொன் சேதனக் காபன் இருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். வளிமண்டலம் முழுவதிலும் காபனீரொட்சைட்டாக இருக்கும் காபன் ஏறத்தாழ 900 பில்லியன் தொன். உயிரோடு நிற்கும் மரஞ்செடிகள் அனைத்தையும் சேர்த்தால் 450 பில்லியன் தொன் அளவில் வரும். மண்ணில் இருக்கும் காபன் ஒருகாலத்தில் இலையாக, வேராக, தண்டாக இருந்து விழுந்தது. அதைத் தின்னும் பங்கசுகளும் பற்றீரியாக்களும் ஒவ்வொரு வருடமும் மூச்சாக வெளிவிடும் காபன், மனிதர் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளிவிடுவதைப் போலப் பல மடங்கு. அவ்வளவையும் தாவரங்கள் திரும்ப எடுத்துக்கொள்வதால்தான் கணக்கு ஓரளவு சமப்படுகிறது. வெப்பம் கூடும்போது மண்ணின் பசி சற்றே கூடினாலும் அந்தச் சமநிலை எந்தப் பக்கம் சாயும் என்பது சில்லறைக் கேள்வி அல்ல.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இவ்விரண்டு கேள்விகளும் புதியவையும் அல்ல. புகையிலைக்கும் மிளகாய்க்கும் தறை பண்படுத்தும்போது குழை தாழ்ப்பார்கள். பூவரசங்குழை, வேப்பங்குழை, காவிளாய் என்று கிடைத்தது எல்லாம் தாழும். வண்டில் கட்டிக் குழை கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. வேலி அடைக்கும்போது கழித்துவிட்ட பழைய பனையோலையையும் வெட்டித் தாழ்ப்பார்கள். இரண்டும் இலைதான். ஆனால் இரண்டையும் ஒரே நோக்கத்துக்காக யாரும் தாழ்ப்பதில்லை. ‘குழை உடனே குடுக்கும், ஓலை பிடிச்சு வைக்கும்’ என்று எங்கள் ஐயா சொல்லுவார். அவர் ஐந்தாம் வகுப்புடன் நின்றவர். அவர் சொன்ன இரண்டு வினைச்சொற்களையும் கீழே சூத்திரத்துக்குள் சந்திப்போம்.

குழை ஏன் உடனே கொடுக்கிறது? பச்சை இலையில் வெல்லங்களும் புரதங்களும் நீரில் கரையும் பிற பொருட்களும் அதிகம். நுண்ணங்கிக்கு இவை சமைத்து வைத்த சோறு. அடுத்தபடியாகச் செலுலோசு. இதைத் தின்னலாம், ஆனால் அதற்கு நொதியங்களைச் சுரந்து வெட்டவேண்டும். கடைசியில் இலிக்னின். மரத்துக்கும் ஓலைக்கும் விறைப்பைக் கொடுக்கும் இப்பொருளை உடைக்கக்கூடிய அங்கிகள் சிலவே, அவற்றுள் முதன்மையானவை வெள்ளுக்கல் பங்கசுகள். இதற்கு மேலாக நைதரசன் கணக்கு இருக்கிறது. நுண்ணங்கி தன் உடலைக் கட்டக் காபனுடன் நைதரசனும் வேண்டும். இலையில் நைதரசன் போதாவிட்டால் அது மண்ணிலிருந்து இழுக்கும். ஓலையை மட்டும் தாழ்த்த தறையில் முதற் பயிர் மஞ்சளித்து நிற்பது இதனால்தான். ஆகவே ஒரு சருகு எவ்வளவு விரைவாக உக்கும் என்பதை ஊகிக்க, அதில் இலிக்னின் எவ்வளவு, நைதரசன் எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள விகிதம் என்ன என்று பார்ப்பது 1980களிலிருந்து வழக்கமாகிவிட்டது.

ஊகிப்பது வேறு, அளப்பது வேறு. டார்வின் தன் வாழ்வின் இறுதியில், 1881 இல், மண்புழுக்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். புழுக்கள் இலைகளை எந்த முனையில் பிடித்து வளைக்குள் இழுக்கின்றன என்று எண்ணி எண்ணிப் பார்த்தார், முக்கோணமாக வெட்டிய காகிதத் துண்டுகளைக் கொடுத்தும் பார்த்தார். ஆனால் இலை எவ்வளவு வேகத்தில் மறைகிறது என்பதை வயலில் அளக்க ஒரு எளிய வழி 1957 வரை காத்திருந்தது. பொக்கொக், கில்பேட் என்ற இரண்டு ஆங்கிலேயர் நிறுத்த இலைகளை நைலோன் வலைப்பைகளில் இட்டுக் காட்டுத் தரையில் வைத்தார்கள். சில மாதங்களின் பின் எடுத்து, காயவைத்து, திரும்ப நிறுத்தார்கள். குறைந்தது எவ்வளவோ அதுவே உக்கியது. இவ்வளவுதான் முறை. இன்றுவரை இத்துறையின் பெரும்பகுதி இந்தப் பையில்தான் நிற்கிறது.

பையின் கண் எவ்வளவு பெரிது என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது என்பதும் விரைவிலேயே தெரியவந்தது. 1963 இல் ரொதாம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் எட்வேட்ஸ், ஹீத் இருவரும் ஓக், பீச் மரங்களின் இலைகளில் வட்டத்துண்டுகள் வெட்டி, வெவ்வேறு கண் அளவுள்ள பைகளில் புதைத்தார்கள். 7 மில்லிமீற்றர்க் கண்ணுள்ள பையில் மண்புழு புகுந்தது, இலை மறைந்தது. 0.003 மில்லிமீற்றர்க் கண்ணுக்குள் நுண்ணங்கிகள் மட்டுமே போகலாம். அங்கே பல மாதங்களின் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படியாக எதுவும் நடக்கவில்லை. அளக்கும் கருவி யாரை உள்ளே விடுகிறதோ அவர்களின் வேலையை மட்டுமே அளக்கிறது. இதை மறக்கவேண்டாம், பின்னர் தேவைப்படும்.

அதே 1963 இல் அமெரிக்கரான ஒல்சன் இந்த நிறைக்குறைவுக்கு ஒரு கணிதம் கொடுத்தார். கடனுக்கு வட்டி கட்டுவதுபோல, எஞ்சியிருப்பதில் ஒரு குறித்த பங்கு ஒவ்வொரு நாளும் போகிறது என்று வைத்துக்கொண்டால், முதலில் செங்குத்தாக விழுந்து பின் மெல்ல மெல்லப் படுக்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். அந்தப் பங்குதான் வேக மாறிலி. நிறுத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை என்பதும் அவர் காட்டிய ஒன்று: வருடா வருடம் விழும் சருகின் நிறையைத் தரையில் கிடக்கும் சருகின் நிறையால் பிரித்தால், சமநிலையில் உள்ள காட்டில் அதே மாறிலி வரும். அழகான கணக்கு. ஆனால் இந்த வளைகோடு கடைசியில் பூச்சியத்தை நோக்கிப் போகிறது. உண்மைச் சருகு அப்படிப் போவதில்லை. ஓரிடத்தில் தேங்கிவிடுகிறது. எஞ்சுவதைத்தான் நாம் உக்கல் என்கிறோம்.

1995 இல் நானும் இந்தப் பைகளைப் புதைத்தேன். அப்போது நான் தற்காலிக உதவி விரிவுரையாளன். வலிகாமத்தில் ஒரு செம்மண் தோட்டம், பூவரசு, வேம்பு, பனை என மூன்று இலைகள். நைலோன் வலைக்கு நுளம்புவலையைக் கிழித்துத் தைத்தோம். குடாநாட்டுக்கு 1990 இலிருந்து மின்சாரம் இல்லாதபடியால் ஆய்வுகூடத்துப் போறணை வேலை செய்யாது. தகரத்தில் பரப்பி வெயிலில் காயவைத்து, படிக்கல் வைத்து நிறுக்கும் பழைய தராசில் நிறுத்தோம். ஒரு வருடத்துக்குள் ஐந்து தரம் தோண்டுவது திட்டம். இரண்டு தரம் தோண்டியிருந்தோம். ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் வெளிக்கிட்டது. அடுத்த வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது அந்தத் தோட்டம் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்தது. இரண்டு புள்ளிகளுக்கு ஊடாக எந்த வளைகோட்டையும் கீறலாம் என்பதால் அந்தத் தரவுகளில் நான் எதையும் எழுதவில்லை. இதைச் சொல்வது அனுதாபத்துக்காக அல்ல. சருகுப் பரிசோதனை ஒன்றுக்கு எதை விடவும் முதலில் வேண்டியது, பல காலம் யாரும் கலைக்காமல் விடும் ஒரு துண்டு நிலம். உலக வரைபடத்தில் இத்தரவுகள் எங்கே நெருக்கமாகவும் எங்கே வெறுமையாகவும் இருக்கின்றன என்பதற்கு மண்ணின் தன்மை மட்டும் காரணம் அல்ல.

நிலம் கலையாத நாடுகளில் அதே காலத்தில் பெரிய முயற்சிகள் நடந்தன. அமெரிக்கர்கள் 1990 அளவில் தொடங்கிய பரிசோதனையில் 27 வகைச் சருகுகளை, ஆர்க்டிக் வெளியிலிருந்து அயன மழைக்காடு வரை 28 இடங்களில், பத்து வருடங்கள் விட்டு வைத்தார்கள். கனேடியர்கள் 1992 இல் தொடங்கி 12 வருடங்கள் நடத்தினார்கள். ஒரே சருகை எல்லா இடத்துக்கும் கொண்டுபோவதுதான் இவற்றின் உத்தி. ஒவ்வோர் இடத்திலும் அங்கங்கே விழும் இலையைப் புதைத்தால், வேகம் வேறுபடுவதற்கு இலை காரணமா மண் காரணமா என்று பிரிக்க முடியாது. உத்தி சரி, செலவுதான் பெரிது. ஆயிரக்கணக்கான பைகளைத் தைத்து, ஒரே காட்டில் ஒரே பருவத்தில் பொறுக்கிய இலையால் நிரப்பி, உலகெங்கும் அனுப்பவேண்டும். பணக்கார நாடுகளுக்கு மட்டுமே கட்டுபடியாகும் விஞ்ஞானம் இது.

இந்த இடத்தில்தான் தேநீர்ப் பை வருகிறது. 2013 இல் நெதர்லாந்தின் உட்ரெக்ற் பல்கலைக்கழகத்தை மையமாகக்கொண்ட ஐந்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே இலையை, ஒரே நிறையில், ஒரே கண்ணுள்ள வலைப்பையில் அடைத்து, உலகம் முழுவதும் கடையில் விற்கிறார்களே, நாம் எதற்குத் தைக்கவேண்டும் என்பது அவர்களின் கேள்வி. தெரிவுசெய்தது லிப்ரன் நிறுவனத்தின் கூம்பு வடிவப் பைகள் இரண்டு: ஒன்று பச்சைத் தேயிலை, மற்றது தென்னாபிரிக்காவின் றூய்பொஸ் செடி. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 கிராம். வலையின் கண் 0.25 மில்லிமீற்றர். பச்சைத் தேயிலையில் நைதரசனின் ஒரு பங்குக்குக் காபன் 12 பங்கு, றூய்பொஸில் 43 பங்கு. தோட்டக்காரர் மொழியில் ஒன்று குழை, மற்றது ஓலை.

இரண்டையும் நிறுத்து, 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் பக்கத்தில் பக்கத்தில் புதைத்து, ஏறத்தாழ 90 நாட்களின் பின் எடுத்து, காயவைத்து நிறுக்கவேண்டும். இந்த ஒரு தரத் தோண்டலிலேயே இரண்டு எண்கள் கிடைப்பதுதான் இம்முறையின் கெட்டித்தனம். பச்சைத் தேயிலை 90 நாட்களுக்குள் இழக்கக்கூடியதை ஏறக்குறைய இழந்து முடித்துத் தேக்கநிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே அது எங்கே நின்றது என்று காட்டும். றூய்பொஸ் அப்போதும் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அது எவ்வளவு வேகம் என்று காட்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பச்சைத் தேயிலையில், எளிதாக உடையக்கூடிய பங்கு 84.2 சதவீதம் என்று ஆய்வுகூடத்தில் அளந்திருக்கிறார்கள். றூய்பொஸில் அது 55.2. உங்கள் தோட்டத்தில் 90 நாட்களில் பச்சைத் தேயிலை 60 சதவீதத்தை இழந்தது என்று வைப்போம். 84.2 போகலாம், 60தான் போனது. அதாவது எளிதாக உடையக்கூடியதிலும் ஏறத்தாழ 29 சதவீதத்தை மண் போகவிடாமல் மறித்துவிட்டது. இந்த 0.29 தான் நிலைப்படுத்தல் காரணி. ஐயாவின் ‘பிடிச்சு வைக்கும்’ இதுதான். அடுத்ததாக, அதே மண் றூய்பொஸையும் அதே அளவுக்கு மறிக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் றூய்பொஸில் போகக்கூடியது 55.2 அல்ல, 39.3 சதவீதம் மட்டுமே. அதில் 25 போய்விட்டது என்று தராசு சொன்னால், ஒல்சனின் வளைகோட்டில் வைத்துப் பார்க்க ஒரு நாளைக்கு 0.011 வருகிறது. போகக்கூடியதில் எஞ்சியதிலிருந்து ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் போகிறது என்று பொருள். இது ‘உடனே குடுக்கும்’ வேகம். ஒரு தராசும் மண்வெட்டியும் போதும். 2015 இல் சுவீடனில் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு நாடு முழுவதும் இதைச் செய்தார்கள்.

ஒரே மாதிரியான இலை என்பதைப் பற்றி ஒரு தொழிலாளியாகச் சில வார்த்தைகள். நான் இப்போது வேலை செய்வது யேர்மனியில் உணவு பொதியிடும் ஒரு தொழிற்சாலையில். அரைமணிக்கொரு தரம் ஓடும் பட்டியிலிருந்து சில பொதிகளை எடுத்து நிறுத்து எழுதுவது என் வேலைகளுள் ஒன்று. ஆகவே எல்லாப் பொதியும் ஒன்று என்பதற்குப் பின்னால் எத்தனை பேருடைய முதுகுவலி இருக்கிறது என்பது தெரியும். விஞ்ஞானம் தனக்குச் செலவில்லாமல் கிடைத்தது என்று மகிழும் அந்தச் சீர்மை, கொழுந்து பறிப்பவர்களிலும் பட்டியடியில் நிற்பவர்களிலும் ஏற்றப்பட்ட செலவு. தோமஸ் லிப்ரன் 1890 இல் இலங்கைக்கு வந்து மலைநாட்டில் தோட்டங்களை வாங்கியவர். அவருடைய பெயரைத் தாங்கிய பை இன்று மண்ணியலின் அளவுகோல். விற்கும் ஊரின் தண்ணீருக்கேற்பக் கலவையை மாற்றுவதாக விளம்பரம் செய்தவர் அவர் என்பது இதிலுள்ள வேடிக்கை. றூய்பொஸின் கதையும் அப்படித்தான். அச்செடியின் பயனை முதலில் அறிந்திருந்த கொய், சான் மக்களுக்கு அதன் வருமானத்தில் 1.5 சதவீதம், பண்ணை வாசல் விலையில் கணக்கிட்டு, வழங்குவதற்கான உடன்படிக்கை 2019 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டது.

அளவுகோல் ஒரு வியாபாரப் பொருளாக இருப்பதில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. 2017 அளவில் நிறுவனம் நெய்த நைலோன் வலையை விட்டு நெய்யாத பொலிப்புரோப்பிலீன் துணிக்கு மாறத் தொடங்கியது. குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பற்றீரியாவுக்கும் பங்கசு இழைக்கும் தெரியும். முன்னைய பைகளுடன் பின்னைய பைகளை ஒப்பிட முடியுமா என்று ஆய்வாளர்கள் தனியே பரிசோதிக்க வேண்டியதாயிற்று. மீற்றர்க் கோலின் நீளத்தை ஒரு கம்பனியின் கொள்முதல் பகுதி தீர்மானிப்பது போன்றது இது.

சரி, இவ்வளவு பைகளும் என்ன சொல்கின்றன? 2018 இல் வெளியான ஒரு தொகுப்பில் ஒன்பது உயிரின வலயங்களைச் சேர்ந்த 336 இடங்கள் இருந்தன. வருடச் சராசரி வெப்பம் மறை 9 பாகையிலிருந்து 26 பாகை வரை, மழை 60 மில்லிமீற்றரிலிருந்து 3113 மில்லிமீற்றர் வரை. முதல் மூன்று மாதங்களில் நிறைக்குறைவில் கண்ட வேறுபாட்டின் ஏறத்தாழ 65 சதவீதத்தை, புதைத்தது குழையா ஓலையா என்பதே விளக்கிவிட்டது. காலநிலை விளக்கியது பச்சைத் தேயிலையில் அரைச் சதவீதத்துக்கும் குறைவு, றூய்பொஸில் 5 சதவீதம். அப்படியானால் காலநிலை முக்கியமில்லை என்று முடிவுகட்டிவிடலாமா? அதே ஆய்வாளர்கள் அதே தரவுகளை வலயவாரியாகச் சேர்த்துச் சராசரி எடுத்தபோது, காலநிலை பச்சைத் தேயிலையில் 64 சதவீதத்தையும் றூய்பொஸில் 72 சதவீதத்தையும் விளக்கியது. ஒரே பைகள், ஒரே தராசு. கூட்டிப் பார்த்த விதம் மட்டும் வேறு.

என் அபிப்பிராயத்தில் இக்கட்டுரையின் மிக முக்கியமான இடம் இதுதான். இதற்கு நான்கு வருடங்கள் முன்னர், 2014 இல், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கொனெற்றிகட்டிலிருந்து புளோரிடாவின் வடக்கு வரை மரக்கட்டைகளை வைத்துச் செய்த ஆய்வொன்றும் இதையே காட்டியிருந்தது. தனித்தனிக் கட்டைகளாகப் பார்க்கையில் காலநிலை விளக்கியது 28 சதவீதம். பங்கசு எவ்வளவு பற்றியது போன்ற அந்தந்த இடத்துக் காரணங்கள் விளக்கியது 73 சதவீதம். இடங்களின் சராசரியை மட்டும் எடுத்திருந்தால் காலநிலையே எல்லாம் என்று தோன்றியிருக்கும். பல தசாப்தங்களாக அப்படித்தான் தோன்றியது, ஏனென்றால் பல தசாப்தங்களாகச் சராசரியைத்தான் எடுத்தார்கள். ஒரு தோட்டத்தின் வடக்கு மூலைக்கும் தெற்கு மூலைக்கும் உள்ள வேறுபாடு இரண்டு நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கலாம். சராசரி எடுத்த அன்றே அந்த வேறுபாடு காணாமல் போகிறது. இந்தப் பக்கங்களில் நாம் நடத்தும் விவாதங்களில், பொதுவான பெரும் காரணமா, ஊர்தோறும் வேறுபடும் சிறு காரணங்களா என்று எதிரெதிராக நின்று எழுதுகிறோம். எந்த அலகில் கூட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறோம் என்பதை இருதரப்பும் முதலில் சொல்லிவிட்டால் பாதிக் காகிதம் மிஞ்சும்.

இனிக் கருவியின் குருட்டுப் பக்கங்கள். பையின் கண் 0.25 மில்லிமீற்றர் என்றேன். மண்புழுவும் கறையானும் வெளியே நிற்கின்றன. நெதர்லாந்துக்கு இது சிறிய குறையாக இருக்கலாம். தாழ்த்த ஓலையைக் கறையான் முடித்துவிடும் வரண்ட நிலங்களுக்கு இது சிறிய குறை அல்ல. ஆறு கண்டங்களில் 133 இடங்களில் பைன் மரத்துண்டுகளை வைத்துச் செய்து 2022 இல் வெளியான ஆய்வு, வெப்பம் 10 பாகை கூடும்போது கறையானின் அழிப்பு 6.8 மடங்குக்கு மேல் கூடுகிறது என்று கண்டது. நுண்ணங்கிகளின் வேகம் அவ்வளவுக்குக் கூடவில்லை. குளிர்நாட்டில் வடிவமைத்த கருவி, வெப்பநாட்டின் முதன்மைத் தொழிலாளியைக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறது.

புதைப்பதனால் சூரியனும் வெளியே நிற்கிறது. ஆர்ஜென்ரீனாவின் பற்றகோனியாப் பகுதியில் 2006 இல் வெளிவந்த ஆய்வு, தரையில் கிடக்கும் சருகை அங்கே பெரிதும் அழிப்பது நுண்ணங்கி அல்ல, வெயில் என்று காட்டியது. சூரிய ஒளியை மறைத்தபோது அழிவு 60 சதவீதம் குறைந்தது. எட்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கும் பை இதைப் பற்றி எதுவுமே சொல்லாது.

மூன்றாவது, அந்த இடத்துக்குரிய இலை அங்கே இல்லை. 818 தாவர இனங்களைக் கொண்ட 66 பரிசோதனைகளை 2008 இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஒரே காலநிலைக்குள்ளேயே இனத்துக்கு இனம் வேகம் 18 மடங்கு வரை வேறுபட்டது. தேயிலை பூவரசைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியாது. அத்துடன் ஒரு இலை தன் சொந்த மரத்தின் அடியிலேயே விரைவாக உக்குகிறது என்ற கண்டுபிடிப்பும் உண்டு. அந்த இலையையே தின்று பழகிய நுண்ணங்கிகள் அங்கே திரண்டிருப்பது காரணம் என்கிறார்கள். விளையாட்டு மொழியிலிருந்து எடுத்து இதற்குச் ‘சொந்த மைதான அனுகூலம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காடுகளில் செய்த பரிசோதனைகளைச் சேர்த்து 2009 இல் கணித்தபோது சராசரி 8 சதவீதம் வந்தது. எல்லா இடத்திலும் இது காணப்படவில்லை. இந்தப் பெயரை நம் கவிஞர்கள் கையில் எடுத்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். எடுப்பதற்கு முன் கவனிக்கட்டும்: தன்னை அறிந்த மண்ணில் இலை நீடித்து இருக்கவில்லை. விரைவாக இல்லாமல் போகிறது.

கருவியின் கணக்கிலும் கேள்விகள் எழுந்திருக்கின்றன. பச்சைத் தேயிலையை மறிக்கும் அளவுக்கே றூய்பொஸையும் மண் மறிக்கும் என்ற எடுகோள் எல்லாச் சந்தர்ப்பத்திலும் சரிவராது என்று யப்பானிய ஆய்வாளர்கள் ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். அந்த எடுகோள் ஆடினால் வேகமும் ஆடும். ஆனாலும் முறையை எறிந்துவிட இது போதாது என்று நினைக்கிறேன். முதலில் ஐவரில் ஒருவராக இருந்து, பின்னர் சுவீடனின் உமேயோவுக்குச் சென்ற ஜூடித் சார்னீலும் பெருந்தொகையான கூட்டாளிகளும் 36,000 பைகளின் முடிவுகளை 2024 இல் வெளியிட்டார்கள். பொதுவாக, வேகமாகத் தின்னும் மண் குறைவாகவே பிடித்து வைக்கிறது. எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் பயிர்ச்செய்கை நிலங்களில் இந்த இணைப்பு அறுந்துவிடுகிறது, ஈரமும் வெப்பமும் சேர்ந்தும் இதை அறுக்கின்றன, குளிரான இடங்களில் குறிப்பாக. வேகத்தை வைத்து இருப்பை ஊகிக்க முடியாது, இரண்டையும் தனித்தனியே அளக்கவேண்டும். பிடித்து வைக்கும் பங்கைக் கணக்கில் எடுக்காத மாதிரிகள், தொடக்ககாலக் காபன் இழப்பை உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லக்கூடும் என்கிறார்கள்.

காப்பகம் என்று எழுதிய நண்பருக்கு இங்கே ஒரு சிறு இடம் விட்டுக்கொடுக்கிறேன். மண் சிலதை வைத்துக்கொள்கிறது, உண்மை. ஆனால் வைத்துக்கொள்வதன் பெரும்பங்கு இலை அல்ல. இலையைத் தின்ற நுண்ணங்கிகள் செத்து, அவற்றின் உடற்சிதைவுகள் களிமண் துணிக்கைகளில் ஒட்டிக்கொண்டு நூற்றாண்டுகள் இருக்கலாம் என்பது கடந்த இருபது வருடங்களில் வலுப்பெற்றுவரும் கருத்து. எஞ்சுவது தின்றவரின் எச்சம். அதை வாசித்து எந்த மரத்தின் இலை என்று சொல்வது பெரும்பாலும் இயலாது.

இவ்விதழ் போய்ச்சேரும் ஊர்களை எண்ணிப் பார்த்தால் ஒஸ்லோ, பாரிஸ், ரொறன்ரோ, மெல்பேர்ண், சென்னை, கொழும்பு என்று ஒரு பட்டியல் வரும். விஞ்ஞானிகள் பணம் கொடுத்து அமைக்க விரும்பும் வலைப்பின்னல் அது. ஆர்வமுள்ளவர்களுக்கு: ஓரிடத்தில் ஒரு சோடி போதாது, சில மீற்றர் இடைவெளியில் நான்கைந்து சோடியாவது வேண்டும். ஒரு கிராமின் நூறில் ஒன்றைக் காட்டும் தராசு வேண்டும். நகை நிறுக்கும் சிறிய மின்தராசு மலிவாகவே கிடைக்கிறது. நூலையும் வெற்றுப் பையையும் தனியே நிறுத்துக் கழிக்கவேண்டும். நூலின் நுனியிலுள்ள காகித அட்டையும் உக்கிவிடுமாதலால் பக்கத்தில் ஒரு தடியை நட்டு வையுங்கள். எடுத்தபின் ஒட்டிய மண்ணையும் வேர்களையும் கையால் நீக்குங்கள், கழுவவேண்டாம். 60 பாகையில் இரண்டு நாள் காயவிடுங்கள். பை நெய்த வலையா நெய்யாத துணியா என்பதைத் திகதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே நான் வாடகைக்கு எடுத்த சிறுதோட்டத்தில் ஆறு சோடி இப்போது மண்ணுக்குள் இருக்கின்றன. மூன்று திராட்சைக் கொடியின் பக்கம், மூன்று வெந்தயம் போட்ட பாத்தியில்.